மகனுக்கு எழுதிக்கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா?

டெல்டா பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து 69 வயது அம்மா ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே, விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றின் நகலும் இருக்கிறது. பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஆள் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

1991இல் தன் நகைகளை விற்று, தன் பெயரிலேயே 5 சென்ட் மனையும் ஓட்டு வீடும் வாங்கியிருக்கிறார். கணவர் இப்போது இல்லை. ஒரு மகன், ஒரு மகள். 2019இல் "வீட்டை இடிச்சுக் கட்டணும்மா, உன் பேர்ல இருந்தா எனக்கு லோன் தரமாட்டாங்க" என்று மகன் கேட்க, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மொத்தத்தையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மாடி வீடு எழுந்தது. 2022இல் மகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனார். மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். அம்மாவின் கட்டில் முதலில் ஹாலுக்கு வந்தது. பிறகு பின்வாசலுக்குப் போனது. இப்போது காம்பவுண்டு ஓரம் வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை வைக்கப் போட்ட தகர ஷெட்டில் கிடக்கிறது. சமையல் தனி. மோட்டார் சுவிட்ச் வீட்டுக்குள், ரேஷன் கார்டு மருமகள் கையில். கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு தனியாகவே திரும்பியிருக்கிறார். மகன் மாதம் 2,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அதுவும் நின்றுபோயிற்று.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், "எழுதினது எழுதினதுதான், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார். பத்திர எழுத்தர் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் 'ரத்துப் பத்திரம்' போட்டுத் தருவதாகச் சொல்கிறார். திருச்சியில் இருக்கும் மகள், "கேஸைப் போட்டு வீட்டை வாங்கு, எனக்கும் பாதி வரணும்" என்கிறாள். அம்மாவின் கேள்விகள் நான்கு. வீட்டைத் திரும்பப் பெறலாமா? மருமகளை வெளியேற்றலாமா? போலீசுக்குப் போகலாமா? மகன் மேல் வழக்குப் போட்டால் அவன் பாஸ்போர்ட் போய்விடுமா?

நாலாவது கேள்வியை மட்டும் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள், அம்மா. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

போகாது. பராமரிப்பு கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பது கிரிமினல் வழக்கு கிடையாது. மனு கொடுத்ததற்காக எஃப்.ஐ.ஆர். இல்லை, கைது இல்லை. பாஸ்போர்ட்டை யாரும் தொடப்போவதில்லை. முதியவரைக் கைவிட்டார் என்று போலீசில் புகார் கொடுப்பது தனி வழி. அதற்கும் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது: அதன் 24ஆம் பிரிவு, மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த வழியில் முதலிலேயே இறங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. அதனால் உங்களுக்குச் சோறும் வராது, அறையும் வராது. மேலும் அந்தப் பிரிவு, முதியவரை முற்றாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் மகன் செய்திருப்பது அதில் அடங்குமா என்றே எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்திலேயே உங்கள் நாள் போய்விடும்.

இனி வீட்டுக்கு வருவோம்.

வி.ஏ.ஓ. சொன்னதும் தவறு, பத்திர எழுத்தர் சொன்னதும் தவறு

பத்திர எழுத்தரிடம் 15,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்து, மகனும் ஏற்றுக்கொண்டு, பட்டாவும் மாறி, அந்தப் பத்திரத்தை வைத்து வங்கிக் கடனும் வாங்கியாயிற்று. இனி நீங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு அதை ரத்து செய்ய முடியாது. ஒருதலையான ரத்துப் பத்திரங்களைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. சார்பதிவாளர் வாங்க மறுப்பார். அப்படியே எங்கோ பதிந்துவிட்டாலும் அடுத்த மாதமே உங்கள் மேல்தான் வழக்கு வரும்.

அதற்காக வி.ஏ.ஓ. சொன்னது சரி என்றும் ஆகிவிடாது. அவர் சொன்னது 2007க்கு முந்தைய நிலைமை. அந்த ஆண்டு நாடாளுமன்றம் 'பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம்' கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அது 2008இல் அமலுக்கு வந்து, 2009இல் விதிகளும் வந்தன. அதன் 23ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அப்படிக் கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ எழுதி வாங்கப்பட்டதாகவே கருதப்படும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் அது செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தீர்ப்பாயம் என்றால் பயப்பட வேண்டாம், நம் ஊர்க் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். 2019இல் உங்களுக்கு 60 வயது தாண்டிவிட்டது, சட்டமும் அமலில் இருந்தது. ஆகவே உங்கள் பத்திரம் இந்தப் பிரிவுக்குள் வருகிறது.

சிக்கல் 'நிபந்தனையோடு' என்ற ஒரு சொல்லில்தான். நம் ஊர்ப் பத்திரங்களில் யாரும் நிபந்தனை எழுதுவதில்லை. பெற்ற பிள்ளையிடம் போய் "நீ சோறு போடாவிட்டால் ரத்து" என்று எந்தத் தாய் எழுதச் சொல்வாள்? எழுத்தரும் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பத்திரத்தில் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கறாராகவே பேசியது: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் 23ஆம் பிரிவு உதவாது என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே நாடு முழுக்கப் பல மனுக்கள் திரும்பின.

2025 ஜனவரியில் காற்று கொஞ்சம் மாறியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் 2019இல் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். கடைசிவரை கவனிப்பேன், தவறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று மகன் எழுதிக் கொடுத்த தனிக் காகிதம் ஒன்றும் இருந்தது. உச்ச நீதிமன்றம் தானப் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டைத் தாயின் கையில் ஒப்படைக்கச் சொன்னது. இது முதியவர்களின் நன்மைக்காக வந்த சட்டம், அந்த நோக்கத்துக்கு ஏற்றபடி தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அது உங்கள் கதைக்கு மிக நெருக்கமான நாகப்பட்டினம் வழக்கு. மூன்று மகள்கள் இருந்தும் ஒரே மகனுக்குச் சொத்தை எழுதி வைத்த தாய் அவர். மகன் இறந்துபோக, மருமகள் கவனிக்கவில்லை. கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார், மருமகள் உயர் நீதிமன்றம் போனார். அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தேன் என்றாலே பதிலுக்குக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது, எழுத்தில் தனியாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி நீதிமன்றம் ரத்தை உறுதி செய்தது.

நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். "என் மகன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், அவர் என்னைக் கடைசிவரை வைத்துப் பாதுகாத்து வருவார் என்ற நம்பிக்கையின் பேரிலும்" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் யோசித்து எழுதினாரோ, பழைய பத்திரத்திலிருந்து அப்படியே வந்துவிட்டதோ, அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய பலம். நாகப்பட்டினம் தாயைவிட நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள் என்றே சொல்வேன். இரண்டு வரி கீழே "எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லாச் செட்டில்மெண்டிலும் வருகிற வழக்கமான வரிதான் அது. நீங்களாக ரத்து செய்வதைத்தான் அது தடுக்கும். 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் செய்வதை அது தடுக்காது.

ஆனாலும் வீட்டை முதலில் கேட்காதீர்கள்

இதைப் படித்ததும் உங்கள் மகளுக்கு என் மேல் கோபம் வரலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்தது ஓட்டு வீடு. இப்போது இருப்பது வங்கிக் கடனில் எழுந்த மாடி வீடு. கடன் எவ்வளவு பாக்கி என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். பத்திரம் ரத்தாகிச் சொத்து உங்கள் பெயருக்குத் திரும்பினாலும் வங்கி தன் அடமானத்தை விட்டுக்கொடுக்காது. வீடு கைவிட்டுப் போன ஆத்திரத்தில் மகன் தவணை கட்டுவதை நிறுத்தினால், ஏல நோட்டீஸ் உங்கள் வீட்டுச் சுவரில்தான் ஒட்டப்படும். ஜெயித்த பிறகு கடனோடு வரும் வீடு அது. மனு எழுதித் தருபவர்கள் யாரும் இதை உங்களிடம் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தின் ஆறு பக்கத்தையும் நான் தேடிப் பார்த்துவிட்டேன். 'எனக்கு வீடு வேண்டும்' என்று எங்குமே நீங்கள் எழுதவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு அறை, மழையில் நனையாமல் போக ஒரு கழிவறை, மாத்திரைக்குக் காசு, மகன் வாரம் ஒருமுறை பேச வேண்டும் — இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் கடைசியைத் தவிர மற்ற மூன்றையும் சட்டத்தில் நேராகவே கேட்கலாம். 'பராமரிப்பு' என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. மாதப் பணம் மட்டும்தான் கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருப்பிடமும் அதில் சேர்த்திதான்.

ஆகவே ஒரே மனுவில் இரண்டையும் போடுங்கள். முதல் கோரிக்கை: கீழ்த்தளத்தில் அறை, தண்ணீர், கழிவறை வசதியோடு இருக்கும் உரிமை, மாதாமாதம் பணம், மருத்துவச் செலவு, வீட்டை விற்கவோ மேலும் அடமானம் வைக்கவோ கூடாது என்ற உத்தரவு. இரண்டாவது, மாற்றுக் கோரிக்கை: இவற்றைச் செய்யத் தவறினால் 23ஆம் பிரிவின்படி செட்டில்மெண்ட் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அந்த இரண்டாவது கோரிக்கை மேசையில் இருந்தால்தான் முதலாவதைப் பற்றி மகன் உட்கார்ந்து பேசுவார்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நீங்கள் யோசித்துக்கொண்டே இருக்கும்போது மகன் வீட்டை வெளியாளுக்கு விற்றுவிட்டால், உங்கள் உரிமை பற்றித் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்து அதை மீட்பது பெரும்பாடு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். 2019இலிருந்து இன்றுவரைக்கும் பார்க்கச் சொல்லுங்கள், ஊரில் யாராவது கல்லூரிப் பிள்ளைக்குப் பத்து நிமிட வேலை. அடமானம் எந்த வங்கியில், எவ்வளவுக்கு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

மருமகளைப் பற்றி

உங்கள் கோபம் முழுக்க அந்தப் பெண் மேல் இருக்கிறது. மகனைப் பற்றி எழுதும் இடத்தில் எல்லாம் 'பாவம், வெயில்ல வேலை செய்யுறான்' என்கிறீர்கள். நான் குறை சொல்லவில்லை, அம்மா. ஆனால் கோட்டாட்சியர் முன்னால் இது அப்படியே எதிராகத் திரும்பும். 2007 சட்டத்தில் பராமரிக்கும் கடமை மகன், மகள், வயது வந்த பேரன் பேத்திக்குத்தான். மருமகளுக்கு இல்லை. மருமகனையும் மருமகளையும் சேர்க்க 2019இல் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. ஆகவே உங்கள் மனுவில் எதிர்மனுதாரர் உங்கள் மகன்தான். வீட்டை வாங்கியவரும் அவர்தான், பணத்தை நிறுத்தியவரும் அவர்தான்.

மருமகளை வெளியேற்ற முடியுமா என்று கேட்டீர்கள். எளிதில் முடியாது. அவருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை அது தருகிறது. பெங்களூரு வழக்கு ஒன்றில் மாமனார் மாமியார் 2007 சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மருமகளை வெளியேற்ற உத்தரவு வாங்கினார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதியோர் சட்டத்தைக் காட்டி ஒரு பெண்ணின் குடியிருப்பு உரிமையைத் துடைத்தெறிய முடியாது, இரண்டு சட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. உங்கள் பேரப்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. அவர்களைத் தெருவில் நிறுத்தும் உத்தரவை எந்த அதிகாரியும் எளிதில் போடமாட்டார், நீங்களும் அதை உண்மையில் விரும்பவில்லை என்பது கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் தெரிகிறது.

அந்த 2005 சட்டம் மருமகள்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தாய்க்கும் உண்டு. அடிப்பது, தண்ணீரை நிறுத்துவது, வீட்டுக்குள் விடாமல் பூட்டுவது என்று போனால் நீங்களும் அதன்கீழ் நீதித்துறை நடுவரிடம் போகலாம். உடனடி ஆபத்து என்றால் 181 பெண்கள் உதவி எண்ணோ, முதியோருக்கான 14567 எண்ணோ உண்டு. பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும், எத்தனை நாளாகும்

கோட்டாட்சியர் அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். 2007இல் போட்ட உச்சவரம்பு அது, இன்றுவரை நகரவில்லை. மேலே சொன்ன அதே 2019 மசோதாவில் அதை நீக்கவும் வழி இருந்தது, மசோதாவோடு அதுவும் போயிற்று. இதற்கு மேல் தேவை என்றால் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் பராமரிப்பு கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அங்கே உச்சவரம்பு இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் செலவுக் கணக்கைப் பார்த்தால் மாத்திரை, சாப்பாடு, கண் பரிசோதனை எல்லாம் சேர்த்து 8,000 ரூபாயைத் தாண்டவில்லை. பத்திர விவகாரமும் கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும். அதனால் அந்தக் கதவையே தட்டுங்கள்.

மகனுக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கோட்டாட்சியருக்குப் பட்டா, சாதிச் சான்று, அமைச்சர் வருகை, தேர்தல் என்று தலைக்கு மேல் வேலை. மகன் வெளிநாட்டில் இருப்பதால் சம்மன் சேர்க்கவே கூடுதல் நாளாகும். அதனால் இடைக்காலப் பராமரிப்பை மனுவிலேயே தனி வரியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது. உத்தரவு வந்தும் பணம் கட்டாவிட்டால், பாக்கி விழுந்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்திடம் சொல்லி வாரண்ட் வரை போகலாம். அந்த மூன்று மாதத்தைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

வக்கீல் வைக்கலாமா என்றால், இந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வேண்டாம் என்றே சட்டம் எழுதப்பட்டது. வயதானவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போய்த் தன் வாயாலேயே சொன்னால் போதும் என்ற எண்ணம். எங்கள் தொழிலுக்கு இது பிடிக்கவில்லை, நீதிமன்றங்களிலும் கேள்வி எழுந்திருக்கிறது. என்னைக் கேட்டால் எண்ணம் நல்ல எண்ணம்தான். மாவட்ட சமூகநல அலுவலர் இந்தச் சட்டத்தின்கீழ் பராமரிப்பு அலுவலரும்கூட. நீங்கள் கேட்டுக்கொண்டால் உங்களுக்காக அவர் ஆஜராகலாம். மனு எழுத உதவி வேண்டும் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவருக்குத் துணையாக ஓர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயிருந்தேன். வெளியே மனு எழுதுபவர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். மகனை வளர்த்த கஷ்டம், மருமகள் வீட்டாரின் குணம், ஊர்க் கோயில் சண்டை எல்லாம் அதில் இருந்தன. கோட்டாட்சியராக இருந்த அம்மையார் பொறுமையாகக் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, "ஐயா, இதுல என்ன கேட்டிருக்கீங்க?" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மனுவைப் பார்த்தேன். எதுவுமே கேட்கவில்லை. அன்று அங்கேயே ஒரு தாள் வாங்கி ஆறு வரி எழுதினோம். அந்த ஆறு வரிக்குத்தான் உத்தரவு வந்தது.

அரசு தன் பங்குக்கு என்ன செய்கிறது

கடிதத்தின் முடிவில் "கவர்மெண்ட் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்னதான் செய்யுது" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1995இல் சிங்கப்பூரும், 2001இல் இமாச்சலப் பிரதேசமும் பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டன. 2007இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. பிள்ளைகள் ஊரை விட்டுப் போவதும், வீட்டில் கிழவனும் கிழவியும் தனியாக நிற்பதும் எல்லா ஊரிலும் நடந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கான அரசு மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

சட்டத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பிள்ளைகளின் பங்கு வரும் இடத்தில் அது கடமை, தவறினால் சிறை. அரசின் பங்கு வரும் இடத்தில், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் இல்லம் 'அமைக்கலாம்' என்று இருக்கிறது. பிள்ளைக்கு 'வேண்டும்', அரசுக்கு 'லாம்'. பிரச்சினையை அரசு தன் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை; அதைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்து, கோட்டாட்சியரை நடுவில் நிறுத்தியிருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பணமோ மனமோ இல்லாத முதியவர்களுக்கு இந்தச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய் ஆகியிருக்கும் முதியோர் உதவித்தொகைதான். உங்களுக்கு ஷார்ஜாவில் சம்பாதிக்கிற மகன் இருக்கிறார், கையில் பத்திர நகல் இருக்கிறது. இந்தச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் வேலை செய்யும்.

இதுவரை எழுதிக் கொடுக்காத மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத்தீர்வை குறைவு, அதனால்தான் எல்லோரும் அதற்கு ஓடுகிறார்கள். உயில் எழுதினால் உங்கள் காலம்வரை சொத்து உங்களிடமே இருக்கும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, உணவும் மருத்துவமும் தர வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்று மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

மகளும், அந்த 'பாதி'யும்

அம்மா, உங்கள் மகள் உங்கள் மேல் பாசத்தில்தான் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் சொந்தச் சம்பாத்தியச் சொத்தில் அவளுக்கும் பங்கு கிடையாது, மகனுக்கும் கிடையாது. பத்திரம் ரத்தானால் வீடு உங்களுக்கு வரும். அப்புறம் யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். 'பாதி' என்ற பேச்சை இப்போது எடுத்தால், எதிர்த்தரப்பு சொல்லப்போகும் முதல் வரி "நாத்தனார் தூண்டிவிட்டு நடக்குது" என்பதுதான். மனுவை மகள் எழுத வேண்டாம். ஆபீஸுக்குத் துணைக்கு வரலாம், வெளியே பெஞ்சில் உட்காரட்டும். இன்னொன்று, பராமரிக்கும் கடமை மகளுக்கும் சேர்த்துத்தான் சட்டத்தில் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லி வையுங்கள், பேச்சு கொஞ்சம் நிதானமாகும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல், 1991 கிரயப் பத்திர நகல், 2019 செட்டில்மெண்ட் நகல், வில்லங்கச் சான்று, மருத்துவச் சீட்டுகள், மகன் பணம் அனுப்பியது தெரியும் வங்கிப் புத்தகம், அந்தத் தகர ஷெட்டின் போட்டோ இரண்டு. கட்டிலும் அடுப்பும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தாலும் அங்கேதான் அனுப்புவார்கள், சுற்றுவழி. எங்கே கொடுத்தாலும் நகலில் சீல் போட்டுத் தேதியோடு வாங்காமல் திரும்பாதீர்கள். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பக்கூடும். போங்கள். அங்கே ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் "அவனுக்கு இது தெரிய வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியாது. மனு கொடுத்தால் நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் போகும். எட்டு மாதமாக அவர் ஏன் பணம் அனுப்பவில்லை என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வேலை போயிருக்கலாம், அனுப்பிய பணம் உங்கள் கைக்கு வராமல் போயிருக்கலாம். அவருக்கு லீவு இருக்கும் ஒரு நாள் பார்த்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து நீங்களே கூப்பிடுங்கள். கட்டில் எங்கே கிடக்கிறது என்று சொல்லுங்கள், அந்தப் போட்டோவையும் அனுப்பச் சொல்லுங்கள். பதினைந்து நாள் டைம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பேசும்போது மகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.